கட்டுரையா, கானாவா?

‘வடசென்னைன்னாலே ரௌடிதான்’ என்ற கதையை எதிர்த்துப் பேச நினைக்கிற தம்பி, தங்கைகள் பலருக்கு இந்தக் குழப்பம்.

செலவு: இரண்டுக்குமே பெரிதாக இல்லை.

மக்களிடம் போய்ச் சேர்வது: சாவு வீட்டில் கானா பாடினால் தெருவே கேட்கும். கட்டுரையைப் படிக்கிற பழக்கம் உள்ளவர்கள்தான் படிப்பார்கள்.

ஆதாரம்: இங்கே கட்டுரைதான். 1856-இல் ராயபுரத்தில் ரயில் நிலையம் திறந்தது, 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளர்களோடு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இவ்வளவு உழைப்பு நடந்த ஊருக்கு இந்தப் பட்டத்தைக் கட்டியது யார், அதில் யாருக்கு லாபம் என்று நிதானமாகக் கேட்கலாம்.

அதனால் வெளியாட்களின் நினைப்பை மாற்றக் கட்டுரை எழுதுங்கள். நம் தெருவிலேயே ஊறிப்போன சாதியையும் ஆண் திமிரையும் கேள்வி கேட்கணுமா, கானா கட்டுங்கள். கத்தியைப் புகழ்கிற கானாவும் இருக்கிறது, அதையும் கானாவிலேயே கேள்வி கேளுங்கள்.