'ஜீரோ டிகிரி' அண்டர்குயில்ட் வாங்கப் போகிறீர்களா? ஏற்காட்டில் எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

சேலத்தில் கேம்பிங் சாமான் விற்கும் ஒரு கடையில், "ஒரிஜினல் வாத்து டவுன், ஜீரோ டிகிரி தாங்கும்" என்று சொல்லி எனக்கு இரண்டு அண்டர்குயில்ட் விற்றார்கள். ஹேமக் என்ற தொங்கும் தூளிப் படுக்கைக்கு அடியில் குளிருக்காகக் கட்டும் ரஜாய் அது. டவுன் என்றால் வாத்தின் மெல்லிய தூவி. ஒன்று 8,500 ரூபாய், இரண்டும் சேர்த்து 17,000. உள்ளே இருந்தது தலையணைக்கு அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சு. அது தெரியாமல் பத்து வயது மகளை ஜனவரிக் குளிரில் அதை நம்பிப் படுக்க வைத்துவிட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை.

ஹேமக்கில் படுத்துப் பழகாதவர்களுக்கு ஒரு விளக்கம். தரையில் படுத்தால் குளிரைப் பாய் தடுக்கும், மெத்தை தடுக்கும். தூளியில் தொங்கும்போது முதுகுக்குக் கீழே மெல்லிய துணி, அதற்குக் கீழே காற்று, அவ்வளவுதான். ஸ்லீப்பிங் பேகுக்குள் புகுந்து படுத்தாலும் முதுகுப் பக்கத்துப் பஞ்சு நம் எடையில் நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சில் காற்று தங்காது, காற்று தங்கவில்லை என்றால் சூடும் தங்காது. அதனால்தான் ஹேமக்குக்கு வெளியே, அடியில், தூளிக்கு ஒரு தூளி கட்டியதுபோல எலாஸ்டிக் கயிற்றில் ஒரு ரஜாயைத் தொங்க விடுகிறோம். அதுதான் அண்டர்குயில்ட். நம் எடை அதன் மேல் விழாததால் உப்பலாகவே இருக்கும். அந்த உப்பல் போனால் அது வெறும் துணி.

கடையில் நான் கேட்ட முதல் கேள்வி, உள்ளே என்ன இருக்கிறது என்பது. "300 கிராம் வாத்து டவுன் சார், 800 ஃபில்பவர்" என்றார் கடைக்காரர். டவுன் எவ்வளவு உப்பும் என்பதற்கான அளவுதான் ஃபில்பவர். ஓரத்தைக் கையில் பிடித்து அழுத்திக் காட்டினார். தையல் வழியாக ஒரு சின்ன இறகு எட்டிப் பார்த்தது, அதை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். நான் நம்பியது அந்த இறகை. "ஜீரோ டிகிரிக்கு ஐஎஸ்ஓ ரேட்டிங் இருக்கு" என்றும் சொன்னார். கட்டுவது எப்படி என்று கேட்டதற்கு, "நல்லா இழுத்துக் கட்டுங்க, உடம்போட ஒட்டி இருந்தாதான் சூடு" என்றார். ஜிபேயில் பணம் வாங்கிக்கொண்டு, பில் கேட்டபோது 'எஸ்டிமேட்' என்று மேலே அச்சடித்த துண்டுச் சீட்டில் "குயில்ட் 2" என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தது என் தவறு.

ஜனவரி இரண்டாவது வாரம் ஏற்காடு போனோம். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்கக்கூடாது, அதனால் நாகலூர் பக்கம் தெரிந்தவர் ஒருவருடைய காப்பித் தோட்டத்தில் சொல்லிவைத்து, மிளகுக்கொடி ஏறாத சில்வர் ஓக் மரங்களாகப் பார்த்து இரண்டு ஹேமக் கட்டினேன். ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர். சேலத்தில் ஃபேன் போட்டுத் தூங்கும் நாளிலும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஸ்வெட்டர் வேண்டும். ஒன்பது மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிட்டது. மகளுக்கு ஒரே குஷி.

ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டாள். "அப்பா, முதுகுல கோடு கோடா ஜில்லுனு இருக்குப்பா." எழுந்து போய் அவள் முதுகுக்கும் அண்டர்குயில்ட்டுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது அப்படியே உண்மை. ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு கோடு, விரலால் தடவினாலே தெரிந்தது. மேல்துணியையும் கீழ்த்துணியையும் சேர்த்து நேராகத் தைத்த இடம் அது. அங்கே பஞ்சே இல்லை, இரண்டு துணிதான். கால் பக்கம் குயில்ட் தொங்கிப்போய்க் காற்று உள்ளே புகுந்துகொண்டிருந்தது. கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்து கயிற்றை இன்னும் இழுத்துக் கட்டினேன். இருந்த கொஞ்ச உப்பலும் அமுங்கிக் குளிர் கூடத்தான் செய்தது. தெர்மாமீட்டரைப் பார்த்தேன், 12 டிகிரி. ஜீரோவுக்கு விற்ற பொருள் பன்னிரண்டில் கைவிட்டுவிட்டது. அவள் பல் கிட்டித்துப் பேச ஆரம்பித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு தோட்டக் காவலாளி அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அந்த அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்து வரக்காப்பி போட்டுக் கொடுத்து, காப்பிக்கொட்டைச் சாக்கை நாலாக மடித்து விரித்து, கம்பளி போர்த்தி மகளைப் படுக்கவைத்தார். பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். அந்தச் சாக்கு செய்த வேலையை 8,500 ரூபாய்ச் சாமான் செய்யவில்லை.

ஊருக்கு வந்ததும் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் மெத்தை தைக்கும் பெரியவர் ஒருவரிடம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். கையில் வாங்கி ஒரு முறை பிசைந்தார். "ரெக்ரான் பஞ்சு தம்பி" என்றார், தலையணைக்கு அடைக்கும் அதே பாலியெஸ்டர். பிரித்துப் பார்க்கச் சொன்னேன். நடு அறையில் நாலு விரல் அளவு தையலைப் பிரித்து ஒரு கொத்து உருவினார். வெள்ளையாக, பளபளவென்று, நீள நீளமான இழை. வாசலுக்குப் போய்த் தீக்குச்சி உரசி வைத்தார். உருகிச் சுருண்டு கறுப்புக் குண்டுமணி மாதிரி கெட்டியானது, பிளாஸ்டிக் நாற்றம். அப்புறம் ஓர அறையைப் பிரித்தார். அங்கே மட்டும் இரண்டு கைப்பிடி இறகு, தண்டோடு. அதைக் கொளுத்தியபோது முடி கருகும் வாசம் வந்தது, தேய்த்ததும் சாம்பலாக உதிர்ந்தது. கடைக்காரர் எந்த ஓரத்தை அழுத்திக் காட்டினாரோ அதே ஓரம். தெரியாமல் நடந்த தவறு என்று இதைச் சொல்ல எனக்கு வழியே இல்லை.

அந்த இறகும்கூட டவுன் கிடையாது. டவுன் என்பது வாத்தின் மார்பில், இறகுக்கு அடியில் இருக்கும் தண்டில்லாத தூவி. கையில் வைத்தால் எடையே தெரியாது, ஊதினால் பறக்கும்.

ஃபில்பவர் என்பதும் சும்மா சொல்லிவிட்டுப் போகும் எண் இல்லை, வீட்டிலேயே சரிபார்க்கலாம். 800 ஃபில்பவர் என்றால் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் சொச்சம் டவுன், 800 கன அங்குலம் உப்ப வேண்டும். நம் கணக்கில் 13 லிட்டர். அப்படியானால் 300 கிராம் சுமார் 140 லிட்டர் உப்பும். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஏழு. என்னுடையது இரண்டு மீட்டர் நீளம், 110 சென்டிமீட்டர் அகலம். அதில் 140 லிட்டரைப் பரப்பினால் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் உயரம் நிற்க வேண்டும். உதறிப் போட்டு ஒரு மணி நேரம் விட்டு ஸ்கேல் வைத்து அளந்தேன். இரண்டு சென்டிமீட்டர். இரண்டு கேன்தான் இருக்கிறது, ஐந்து கேன் காணோம்! இந்தக் கணக்கைக் கடையிலேயே போட்டிருந்தால் மகள் அன்று நடுங்கியிருக்க மாட்டாள்.

ஐஎஸ்ஓ கதையும் பொய். ஐஎஸ்ஓ 23537 என்ற தரம் ஸ்லீப்பிங் பேகுக்கு உண்டு, சூடேற்றிய பொம்மையை உள்ளே படுக்கவைத்து அளப்பார்கள். தொங்கும் அண்டர்குயில்ட்டுக்கு அப்படி ஒரு சோதனை கிடையாது. தயாரிப்பவர் சொல்வதுதான் டிகிரி. அதனால் டிகிரியைக் கேட்காதீர்கள். உள்ளே எத்தனை கிராம், எத்தனை ஃபில்பவர், விரித்து வைத்தால் எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று கேளுங்கள். ஏற்காட்டுக்கு நல்ல உப்பலோடு நாலு சென்டிமீட்டர் இருந்தால் எனக்குப் போதும் என்பேன். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். தையல் கோட்டில் வெளிச்சம் நேராக ஊடுருவினால் அங்கே குளிரும் ஊடுருவும். நல்ல குயில்ட்டில் இரண்டு துணிக்கும் நடுவில் சின்னத் தடுப்புச் சுவர் மாதிரி வலைத்துணி வைத்துத் தைத்திருப்பார்கள். ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், நடுவில் ஒவ்வொரு அறையாக அழுத்துங்கள்.

பாலியெஸ்டர் என்றாலே மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை மூடுபனியில் டவுன் நனைந்தால் சுருங்கிப்போகும், நல்ல செயற்கைப் பஞ்சு ஈரத்திலும் ஓரளவு தாங்கும், விலையும் குறைவு. அதை அதன் பெயரிலேயே, அதன் விலைக்கே விற்றிருந்தால் நான் வாங்கியிருப்பேன்.

கட்டும் முறையையும் கடைக்காரர் தப்பாகத்தான் சொல்லிக் கொடுத்தார். குயில்ட் முதுகை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். உள்ளே படுத்தபடி வேறொருவரை அடியில் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி இருந்தால் கயிற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், அமுங்கியிருந்தால் தளர்த்த வேண்டும். தலை, கால் இரண்டு முனையிலும் சுருக்குக் கயிறு இருக்கும். அதை இழுத்து மூடாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த குயில்ட்டானாலும் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, "பிரிச்ச பொருளை எடுக்க மாட்டோம், குழந்தைக்குக் குளிர் பழகல" என்றார். குழந்தையின் மேல் பழியைப் போட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஜிஎஸ்டி பில் இல்லாத குறையை இப்போது ஜிபே ரசீதையும், "டவுன் ஸ்டாக் வந்துருச்சு" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் வைத்துத்தான் சமாளிக்கிறேன். உங்களுக்கும் எஸ்டிமேட் சீட்டு நீட்டினால், 'டவுன், இத்தனை கிராம்' என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது குயில்ட்டில் ஒரு தையல்கூடப் பிரிக்கவில்லை. ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னால் முழுசாகக் கொடுக்க வேண்டும் என்று பையோடு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். பிரித்தது வீட்டுக் கூடத்தில்தான் கிடக்கிறது. சேலத்தில் தெரிந்தவர்கள் யாராவது அண்டர்குயில்ட் வாங்கப் போகிறீர்கள் என்றால், முதலில் வந்து அதன் ஓர அறையையும் நடு அறையையும் ஒரு முறை கையால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போங்கள்.