வாடகைக் கடைக் கணக்கும் அக்சஸின் தேதிகளும்

எங்கள் பாத்திர வாடகைக் கடையின் கணக்கு பல ஆண்டுகளாக மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில்தான் ஓடுகிறது. வாடிக்கையாளர், பதிவு, பதிவு விவரம், பொருள், வாடகை என ஐந்து அட்டவணைகள். அவற்றை அடையாள எண்களால் இணைப்பதில் சிரமமே இல்லை. தேதி குறுக்கிடும் இடத்தில்தான் இந்த மென்பொருளின் குணம் தெரிகிறது.

அக்சஸ் தேதியை ஓர் எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது. 1899 டிசம்பர் 30 பூஜ்யம். அதற்குப் பின் கடந்த நாட்கள் முழு எண், நேரம் பின்னம். காலை ஆறு மணி 0.25, நண்பகல் 0.5. ஆகவே 1 முதல் 31 வரை என்று 'பிட்வீன்' (இவற்றுக்கு இடையே) நிபந்தனை போட்டால், 31-ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவோடு கணக்கு நின்றுவிடும்; அன்று மாலை வண்டியேறிய அண்டாக்கள் மாதப் பட்டியலில் வராது. 'அடுத்த மாதம் 1-ஆம் தேதிக்கு முன்' என்று நிபந்தனை எழுதுவதே நம்பகமானது.

எங்கள் தொழிலில் சாமான் முதல் நாள் மாலை போய், கல்யாணம் முடிந்து மறுநாள் திரும்பும். தேதிகள் சமமா என்று பார்ப்பதால் பயனில்லை. பழைய பதிவு, புதியது முடிவதற்குள் தொடங்கி, புதியது தொடங்கிய பிறகு முடிகிறது என்றால் இரண்டும் மோதுகின்றன. இந்த இரண்டு ஒப்பீடுகளே போதும். இப்படி மோதும் பதிவுகளில் உள்ள சாமான் எண்ணிக்கையைக் கூட்டினால், நீண்ட பதிவுகளில் தேவை சற்று அதிகமாகவே தெரியும். முகூர்த்த நாளில் நாற்காலி போதாமல் நிற்பதைவிட அது மேல்.

இதில் கவனிக்க வேண்டியது, திரும்பிய தேதி காலியாக இருக்கும் பதிவுகள். காலியான புலத்தை எதோடு ஒப்பிட்டாலும் விடை 'ஆம்' ஆவதில்லை. எனவே இன்னும் வெளியே இருக்கும் சாமான்தான் முதலில் கணக்கிலிருந்து மறைகிறது. திரும்பிய தேதி இல்லையென்றால் வர வேண்டிய தேதியைக் கொள்வது, அதுவும் கடந்துபோயிருந்தால் சாமான் வெளியே இருப்பதாகவே வைப்பது என்று குவெரியில், அதாவது அட்டவணைகளிலிருந்து விவரம் கேட்டெடுக்கும் வினவலில், எழுதியிருக்கிறேன்.

பதிவே இல்லாத பொருளும் பட்டியலில் வர வேண்டுமென்றால், இடப்பக்க அட்டவணையின் எல்லா வரிகளையும் வைத்துக்கொள்ளும் 'லெஃப்ட் ஜாயின்' இணைப்பு வேண்டும். ஆனால் வலப்பக்க அட்டவணையின் தேதிக்கு அதே குவெரியில் நிபந்தனை போட்டால், பதிவில்லாத பொருட்கள் உதிர்ந்துவிடும். முதலில் தேதிவாரியாகப் பதிவுகளை வடிகட்டும் குவெரி ஒன்று, அதன் மேல் பொருள் பட்டியலை இணைக்கும் குவெரி இன்னொன்று என இரண்டு படிகளாக்கினால் தீர்ந்தது.

என்னை மிகவும் எரிச்சலூட்டுவது ஹேஷ் (#) குறிகளுக்குள் எழுதும் தேதி. குவெரியைக் கட்டங்களில் நிரப்பி அமைக்கும் வடிவமைப்புப் பார்வையில் விண்டோஸின் தேதி அமைப்பு செல்லும். குவெரியை வரிகளாக எழுதும் எஸ்க்யூஎல் மொழியில் அது செல்லாது. அங்கே மாதம்தான் முதலில். #05/06/2024# என்றால் மே 6. அதே இடத்தில் #20/06/2024# என்று எழுதினால், 20-ஆவது மாதம் கிடையாது என்பதால் சத்தமில்லாமல் ஜூன் 20 என்று எடுத்துக்கொள்கிறது. பிழைச் செய்தி காட்டி நின்றிருந்தால்கூடத் தேவலை. மாதப் பிற்பாதியில் சோதித்துப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். கடையில் #2024-06-05# என்ற வடிவத்தைத் தவிர வேறு எதையும் நாங்கள் எழுதுவதில்லை.

தேதியோடு நாளோ மாதமோ கூட்டித் தரும் 'டேட்ஆட்' நல்ல உழைப்பாளி: ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரியின் கடைசி நாளைத் தரும். இரண்டு தேதிகளின் வித்தியாசத்தைச் சொல்லும் 'டேட்டிஃப்' அப்படியில்லை. ஆண்டு வித்தியாசம் கேட்டால், டிசம்பர் 31-க்கும் மறுநாளுக்கும் இடையே ஒன்று என்கிறது. நாள் கணக்குக்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன்.

வாடகை ஏறும்போது பழைய பில் மாறக் கூடாது. அதற்காக வாடகை அட்டவணையில் 'எந்தத் தேதி முதல்' என்ற புலம் வைத்து, பதிவுத் தேதிக்கு முந்திய அல்லது அதே நாளில் தொடங்கும் விகிதங்களில் கடைசியானதை எடுக்கிறோம். இப்படிச் சமமில்லாத ஒப்பீட்டில் இணையும் அட்டவணைகளை வடிவமைப்புப் பார்வை வரைந்து காட்டாது. எஸ்க்யூஎல் பக்கத்தில்தான் எழுத வேண்டும். அதற்குப் பொறுமையில்லாதவர்கள், பில் போடும்போதே அன்றைய வாடகையைப் பதிவு விவரத்தில் ஒரு புலமாகச் சேமித்துக்கொள்ளலாம். நான் இரண்டையும் செய்கிறேன்.