ஈசூனிலிருந்து செம்பவாங்குக்கு: வீவக இணையவாசலை வைத்துப் போட்ட வீட்டுக் கணக்கு

சிங்கப்பூரின் வடக்கிலுள்ள ஈசூனுக்கும் செம்பவாங்குக்கும் இடையே ஒரே ஒரு எம்ஆர்டி ரயில் நிலையம்தான் இருக்கிறது; அதுவும் 2019 நவம்பரில் திறக்கப்பட்ட கான்பெரா. இவ்வளவு அருகில் குடிபோவதற்கு மூன்று மாதம் யோசிக்க வேண்டுமா என்று உறவினர்கள் கேட்டார்கள். ஈசூனில் எங்கள் நாலறை வீட்டுக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. மகள் தொடக்கநிலை 3இல் படிக்கிறாள், அம்மாவுக்கு 71 வயது, இருவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள். ஐயறை வீடு தேட வேண்டிய கட்டாயம் அங்கிருந்துதான் வந்தது. தேடலின் பெரும்பகுதியை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின், அதாவது வீவகவின், வீட்டு இணையவாசல் வழியாகவே செய்து பார்த்தோம் என்பதால், அந்தச் சேவை எங்களைப் போன்ற குடும்பத்துக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை எழுதுகிறேன்.

தொடங்க வேண்டிய இடம் வீட்டுத் தகுதிக் கடிதம். 2023 மே மாதத்திலிருந்து நடப்பில் இருக்கும் இந்தக் கடிதத்துக்குச் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு வழியாக விண்ணப்பித்தால், எந்த வகை வீடு வாங்கலாம், எவ்வளவு மானியம் கிடைக்கும், வீவக கடன் எவ்வளவு வரை கிடைக்கும் என்ற மூன்றுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைத்துவிடுகிறது. வீட்டைப் பார்த்து மனம் அதில் ஒட்டிக்கொள்வதற்கு முன்பே வரம்பு தெரிந்துவிடுவதை நான் பெரிய நன்மையாகக் கருதுகிறேன். வீவக கடன் 2024 ஆகஸ்டிலிருந்து வீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்காது என்பதால், மீதிக் கால் பங்கை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி முதல் நாளே நம் முன் வந்து நிற்கிறது.

அந்தக் கேள்விக்கு விடை தேடும்போதுதான் மசேநிதி எனப்படும் மத்திய சேமநிதிக் கணக்கை முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தோம். பழைய வீட்டை விற்கும்போது, அதற்காக மசேநிதியிலிருந்து எடுத்த தொகையை ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டியுடன் நம் கணக்கிலேயே திரும்பச் செலுத்த வேண்டும். அந்தப் பணம் நம்முடையதுதான், அடுத்த வீட்டுக்கு மீண்டும் பயன்படுத்தலாம்; ஆனாலும் கையில் ரொக்கமாக வரும் தொகை, விற்பனை விலையைக் கேட்டு நாம் மனத்தில் போட்டு வைத்திருக்கும் தொகையைவிட மிகவும் குறைவாக இருக்கும். வாடகை லாரி, சாயம் பூசுவது, அடுக்களைச் சீரமைப்பு எல்லாம் ரொக்கத்திலிருந்துதான் போகும். இடம் மாற நினைக்கும் யாரும் முதலில் இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

விலையைப் பொறுத்தவரை, நடந்து முடிந்த விற்பனைகளின் விவரத்தை வீவக வெளிப்படையாகத் தருகிறது. புளோக், வீட்டு வகை, எந்தெந்த மாடிகளுக்கு இடைப்பட்டது, தரைப்பரப்பு, மீதமுள்ள குத்தகைக் காலம் ஆகியவற்றோடு விற்பனை விலையும் இருக்கும். ஈசூனில் 1980களில் கட்டப்பட்ட புளோக்குகளும் புதியவையும் கலந்து இருப்பதால், வட்டாரத்துக்கு ஒரு சராசரி விலை என்று பேசுவதில் பயனில்லை. குத்தகையும் மாடியும் ஒத்துப்போகும் வீடுகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டபோதுதான் இரண்டு பேட்டைகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு எங்களுக்குப் புரிந்தது. 2024 மே மாதம் தொடங்கிய மறுவிற்பனை விளம்பரப் பகுதியும் நன்றாக உள்ளது. விற்கும் நோக்கத்தைப் பதிவு செய்த உரிமையாளரின் வீடுதான் அதில் வரும் என்பதால், ஒரே வீடு நான்கு முகவர்களின் பெயரில் நான்கு விலையில் வரும் குழப்பம் இல்லை.

இனி, தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் முன்பாகப் பார்க்க வேண்டிய பக்கத்துக்கு வருகிறேன். 1989இல் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, ஒவ்வொரு பேட்டையிலும் ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தாருக்கும் ஒரு வரம்பு உண்டு. இந்தியர் மற்றும் பிற இனத்தார் பிரிவுக்கு அது 2010 முதல் பேட்டையில் 12 விழுக்காடாகவும் புளோக்கில் 15 விழுக்காடாகவும் இருக்கிறது. இதன் விளைவு நம்மை இரண்டு பக்கமும் தொடுகிறது. வாங்கப் போகும் புளோக்கில் நம் பிரிவின் வரம்பு நிறைந்திருந்தால், அதே பிரிவைச் சேர்ந்தவர் விற்கும் வீட்டை மட்டுமே நாம் வாங்க முடியும். விற்கப் போகும் நம் புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிறைந்திருந்தால், நம் வீட்டைச் சீனர்களுக்கு விற்க முடியாது; வாங்க வருவோர் குறைவார்கள், விலையும் இறங்கும். இனங்கள் தனித்தனியே ஒதுங்கிவிடாமல் இருக்க இந்தக் கொள்கை தேவை என்பதை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். அதன் சுமை சிறுபான்மைக் குடும்பங்கள் மீது கூடுதலாக விழுகிறது என்பதும் உண்மை. அதனால்தான் வீட்டை விற்க முடியாமல் நீண்ட நாள் தவிப்பவர்களிடமிருந்து வீவகவே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் அறிவிக்கப்பட்டது. புளோக் எண்ணைக் கொடுத்தால் வரம்பு நிலவரத்தைச் சொல்லும் சேவை இணையவாசலில் உண்டு, ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் அது புதுப்பிக்கப்படுகிறது. எங்களுக்குப் பிடித்திருந்த மூன்று புளோக்குகளில் ஒன்று இந்தப் பக்கத்தைப் பார்த்த உடனேயே பட்டியலிலிருந்து போய்விட்டது.

இதே புளோக்கைத்தான் ஒரு முகவர் எங்களிடம் ஆர்வமாகக் காட்டியிருந்தார். வரம்பைப் பற்றி நான் கேட்டபோது, முதலில் விருப்புரிமைத் தொகையைக் கட்டிவிடுங்கள், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். வீட்டை நமக்காக ஒதுக்கி வைக்க விற்பவரிடம் கட்டும் இந்த விருப்புரிமைத் தொகை அதிகபட்சம் 1,000 வெள்ளிதான். முடிவெடுக்க 21 நாள் இருக்கிறது. வாங்காவிட்டால் அந்த 1,000 வெள்ளி திரும்ப வராது. தொகை சிறியதாகத் தெரியலாம். ஆனால் வீட்டின் மதிப்பீட்டை அந்த விருப்புரிமைப் பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் வீவகவிடம் கேட்க முடியும். ஒப்புக்கொண்ட விலை மதிப்பீட்டைவிட அதிகமாக இருந்தால் அந்த வித்தியாசம் முழுவதையும் ரொக்கமாகவே கட்ட வேண்டும். இவ்வளவு கனமான ஒரு முடிவில் "பிறகு பார்க்கலாம்" என்ற சொல்லுக்கு இடம் கொடுக்கக் கூடாது. நல்ல முகவர்களும் இருக்கிறார்கள். இணையத்தில் படிவம் நிரப்பத் தயங்கும் பெரியவர்களுக்கு அவர்களின் உதவி அவசியம். நாங்கள் வாங்கும் பக்கத்துக்கு முகவர் இல்லாமலே போவது என்று முடிவு செய்துவிட்டோம்.

எங்களுக்குச் சாதகமாக அமைந்தது 4 கிலோமீட்டர் விதி. பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு 20,000 வெள்ளி மானியம் உண்டு, இதற்கு வருமான வரம்பு கிடையாது. மாமனாரும் மாமியாரும் ஈசூனில் தங்கள் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். செம்பவாங் எம்ஆர்டியைச் சுற்றியுள்ள புளோக்குகள் அந்தத் தொலைவுக்குள் வருகின்றன என்பதை இணையவாசலே சரிபார்த்துச் சொல்லிவிட்டது. 600,000 வெள்ளி வீட்டுக்கு வாங்குவோர் முத்திரை வரி 12,600 வெள்ளி என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த மானியத்தின் அருமை விளங்கும்.

மகளின் பள்ளி பற்றி அதிகம் கவலைப்படவில்லை. வீடு பள்ளிக்கு அருகில் இருப்பதற்கான தூர முன்னுரிமையில் இடம் பெற்ற பிள்ளையின் குடும்பம், பதிவு தொடங்கியதிலிருந்து 30 மாதமாவது அதே முகவரியில் இருக்க வேண்டும். அந்தக் கெடு எங்களுக்கு முடிந்துவிட்டது.

இணையவாசல் சொல்லாத, சொல்லவும் முடியாத செய்திகளுக்காக நான்கு சனிக்கிழமைகள் செம்பவாங்கில் நடந்தோம். பிற்பகல் 4 மணிக்குப் போனதில், படத்தில் வெளிச்சமாகத் தெரிந்த ஒரு வீடு மேற்கு வெயிலில் எப்படிக் காய்கிறது என்பதைக் கண்டோம். புக்கிட் கான்பெராவில் உணவங்காடி நிலையம், நீச்சல் குளம், பலதுறை மருந்தகம் எல்லாம் ஒரே வளாகத்தில், 2002இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பழைய அட்மிரல்டி ஹவுஸைச் சுற்றி அமைந்திருக்கின்றன. சக்கர நாற்காலியில் வந்தவர்கள் தடையில்லாமல் போய்வருவதை அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய நீரிழிவுச் சிகிச்சை ஈசூனிலுள்ள கூ டெக் புவாட் மருத்துவமனையில். இப்போது ஒரே பேருந்தில் போகிறார், செம்பவாங்கிலிருந்து ரயிலும் பேருந்தும் மாற வேண்டும். கீரைக்கும் வாழை இலைக்கும் ஈசூனின் சோங் பாங் சந்தைக்கு நடந்து போய்விடும் பழக்கமும் விட்டுப்போகும்.

அம்மாவுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி கோயில். ஈசூன் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் அவர் ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுப்பவர். இதைச் சொல்லித் தயங்குவார் என்று நினைத்தேன். அந்தக் கோயில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்களால் கான்பெரா ரோட்டுப் பக்கம் வளர்ந்து, 1990களில்தான் ஈசூனுக்கு மாறியது என்பதை அவர் எனக்கு நினைவூட்டினார். "முருகன் அங்கிருந்து இங்கே வந்தார், நாம் இங்கிருந்து அங்கே போகிறோம். உத்திரத்துக்கு ரயிலில் வந்துவிடலாம். ஆஸ்பத்திரிக்கு யார் கூட வருவீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

மாதம் ஒருமுறைதான் மருத்துவமனை, அன்று நான் விடுப்பு எடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. எங்கள் ஈசூன் வீட்டை விற்கும் நோக்கத்தை நேற்று இணையவாசலில் பதிவு செய்தோம். அடுத்த மாதம் முதல் தேதி பட்டியலில் மீதமுள்ள இரண்டு புளோக்குகளின் இன வரம்பையும் மறுபடி பார்த்துவிட்டு, அவற்றில் கிழக்கு நோக்கிய ஓர் ஏழாவது மாடி வீட்டுக்கு மட்டும் விலை பேசப் போகிறோம்.