ஸ்டீம் டெக் ஓஎல்இடி வாங்கலாமா?

இது வால்வ் நிறுவனத்தின் கையடக்க கேம் கருவி. நைட் ஷிஃப்ட், திடீர் கால் என்று ஓடுகிற ஐடி ஆட்களுக்கு இதில் ரொம்பப் பிடிக்கப்போவது பவர் பட்டன்தான். ஹேடிஸ் கேமில் சண்டை உச்சத்தில் இருக்கும்போது மேனேஜர் கூப்பிட்டாலும் ஒரு அழுத்து, கருவி தூங்கிவிடும், கால் முடிந்து வந்து மறுபடி அழுத்தினால் வாளை ஓங்கிய அதே நொடியில் இருந்து ஆடலாம். உள்ளே ஓடுவது லினக்ஸ். விண்டோஸுக்காக எழுதிய கேம்களை புரோட்டான் என்ற மென்பொருள் இதில் ஓட வைக்கிறது, அதை வால்வ் ஓப்பன் சோர்ஸாகவே வைத்திருப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும். 2023 நவம்பரில் வந்த இந்த மாடலின் 7.4 அங்குல ஓஎல்இடி திரை 90 ஹெர்ட்ஸ், அதாவது படம் நொடிக்கு 90 முறை வரை மாறும், இருட்டுக் காட்சிகளில் கருப்பு கருப்பாகவே தெரிகிறது. ஆனால் வேலோரன்ட் கேம் ஓடாது, ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் அதன் ஆன்டி-சீட் மென்பொருள் லினக்ஸில் வேலை செய்யாது. அப்புறம், இந்தியாவில் வால்வ் நேரடியாக விற்பதில்லை, இறக்குமதிக் கடையில் வாங்கும் முன் வாரண்டி யார் தருவார்கள் என்று கேட்டுவிடுங்கள்.