கெப்பில் கேம்பர்: டிக்கோயாவில் செய்த பிடிகளோடு நான்கு வருடம்

போன வாரம் அப்புத்தளைக்குப் போய்த் திரும்பியதும் கேம்பரை, அதாவது கெப்பின் பின்தொட்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தங்கும் கூண்டை, இறக்கி முட்டுக்கொடுத்து வைத்தேன். அதைக் கெப்போடு இழுத்துப் பிடித்திருந்த நான்கு பிடிகளையும் கழற்றி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்தேன். 2021 ஒக்டோபரில் மாட்டியவை. அதற்குப் பிறகு கேம்பரைச் சுமந்துகொண்டு மட்டும் 26,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். ஒரு தட்டின் ஓரத்தில் தேயிலைச் சாயம் வடிந்ததுபோல் ஒரு துருக்கோடு இருந்தது. மற்றபடி பொல்ட்டின் கண் வளையம் விரியவில்லை, மரை தேயவில்லை, தொட்டித் தகரம் பிதுங்கவில்லை. எங்கே செய்தது, எப்படிச் செய்தது என்று கேட்பவர்கள் கூடிவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

வண்டி பழைய ஹைலக்ஸ் டபுள் கெப். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, இருக்கிற வண்டியைப் பேணி ஓட்டுவதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வழி. 2025இல் மறுபடி திறந்தார்கள், ஆனால் விலை கைக்கு எட்டுவதாக இல்லை. கேம்பர் அலுமினியச் சட்டத்தில் செய்தது. கூரையைத் தூக்கினால் சுற்றிவரத் தார்ப்பாய்த் துணி எழும்பும், உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். மூடினால் கெப்பின் கூரையைவிட ஒரு சாண்தான் உயரம். மலைநாட்டுக்கு இந்த வகைதான் சரி என்று உறுதியாகச் சொல்வேன். தோட்டத்து ரோடுகளில் கிளை இடிக்காது, கொண்டை ஊசி வளைவில் மேல்பாரம் வண்டியைச் சாய்க்காது. தண்ணீர், கேஸ், பாய், தலையணை எல்லாம் ஏற்றினால் மொத்தம் 450 கிலோ.

இந்த 450 கிலோவைத் தொட்டியில் அசையாமல் நிறுத்துவதற்கு டர்ன்பக்கிள் போட வேண்டும். ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை. நடுவுடலைத் திருகினால் இரண்டு பக்கமும் சேர்ந்து இறுகும். அமெரிக்காவில் டோர்க்லிஃப்ட், ஹேப்பிஜேக் போன்ற கம்பெனிகள் கேம்பர் கட்டுவதற்கென்றே சாமான் செய்கின்றன. நல்ல சாமான்தான், ஆனால் முழு செட் பல நூறு டாலர் ஆகும். கப்பல் கூலியும் வரியும் வேறு. நான் கணக்குப் பார்த்தபோது டாலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. அப்போதே கட்டுப்படியாகவில்லை, அடுத்த வருடம் 360ஐத் தொட்டது.

அதனால் முதலில் ஹார்ட்வெயார் கடையில் கிடைத்ததை வாங்கினேன். மூன்று நூல் (அங்குலத்தில் எட்டில் மூன்று) தடிப்பில் கண் பொல்ட் நான்கு, கொக்கி வைத்த டர்ன்பக்கிள் நான்கு, பெரிய வொஷர்கள். தொட்டித் தரையில் துளை போட்டு ஒரே நாளில் மாட்டி முடித்தேன். இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை.

ஜூலை மாதம், தென்மேற்குப் பருவமழை. இறம்பொடை ஏற்றத்தில் ஒரு வளைவைத் திருப்பும்போது பின்னால் 'தொம்' என்று கேட்டது. மகள் தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டாள். ஓரங்கட்டி, குடையைப் பிடித்துக்கொண்டு டோர்ச் அடித்துப் பார்த்தேன். கேம்பர் இடது பக்கம் இரண்டு அங்குலம் நகர்ந்து தொட்டிச் சுவரில் சாய்ந்திருந்தது. முன் வலது பொல்ட்டின் கண் வாய் பிளந்திருந்தது. கம்பியை வளைத்துச் செய்த கண் அது, முனை ஒட்டப்படவில்லை. ஐந்து ரூபாய்க் குற்றி நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்து, கொக்கி அதன் வழியே நழுவியிருந்தது. பின் இடது பொல்ட்டைச் சுற்றியிருந்த தொட்டித் தகரம் சோற்றுப் பானை மூடிபோல் மேலே உப்பியிருந்தது. சரக்குக் கயிற்றால் இழுத்துக் கட்டி, முதல் கியரிலேயே லபுக்கலை வரை ஏறினோம். அந்த அரை மணி நேரம் மனைவி பின்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டிக்கோயாவில் லொறி பொடி கட்டும் பாஸ் ஒருவரிடம் காட்டினேன். அறுபது வயதைத் தாண்டியவர். அவர் பிளந்த கண்ணைப் பார்க்கவில்லை, நேரே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். வெளியே வந்து, "தம்பி, நீங்க பொல்ட்டை நம்பியிருக்கீங்க. அடியில போடுற தட்டைத்தான் நம்பணும்" என்றார். தொட்டித் தகரம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அதில் வொஷர் மட்டும் போட்டு இழுத்தால், எவ்வளவு நல்ல பொல்ட்டும் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

அவர் செய்துதந்ததுதான் இன்றுவரை வண்டியில் இருக்கிறது. இரண்டு நூல் தடிப்புள்ள இரும்புத் தட்டு, நான்கு அங்குலச் சதுரம், மூலைகளை உருட்டி அரைத்தது. தொட்டிக்கு அடியில் குறுக்கே ஓடும் பட்டையில் ஒரு பக்கம் ஏறி உட்காரும்படி வைத்தார். இழுவை தகரத்தில் நிற்காமல் பட்டைக்குப் போகட்டும் என்பது அவர் கணக்கு. துளை போடுமுன் அடியில் பிரேக் குழாயும் எண்ணெய்க் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று சோக்கால் கோடு போட்டுக் காட்டினார். துளையின் வாயை அரம் வைத்துத் தேய்த்து, ரெட் ஒக்சைட் இரண்டு தடவை பூசினார். இந்தப் பூச்சைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எங்கள் ஊர் மழையில் பூச்சில்லாத தகரம் ஒரு மாதம்கூடத் தாங்காது.

கண் பொல்ட் மட்டும் அவரே கடைக்கு எழுதிக் கொடுத்தார்: சூட்டில் அடித்து உருவாக்கிய, மூட்டில்லாத கண், 12 மில்லிமீட்டர். டிஐஎன் 580 என்ற ஜெர்மன் தரத்தில் வரும் இந்த அளவுப் பொல்ட் நேராக இழுத்தால் 340 கிலோவரை தாங்கும் என்று கணக்கு. 45 பாகை சாய்வில் இழுத்தால் அது 240 கிலோவாகக் குறையும். கேம்பர் பிடிகள் எல்லாமே சாய்வாகத்தான் இழுக்கும், ஆகவே இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும். கண் வளையத்தின் தளமும் இழுவைத் திசையும் ஒரே வாக்கில் இருக்கவும் வேண்டும். பக்கவாட்டில் இழுபட்டால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

டர்ன்பக்கிளில் கொக்கிக்குப் பதிலாக இரண்டு காதும் குறுக்கு ஊசியும் வைத்தோம். குலுக்கலில் ஒரு நொடி தளர்ந்தாலும் கொக்கி கழன்றுவிடும், ஊசி கழலாது. இடது மரை வெட்டும் டெப் எங்கேயும் கிடைக்கவில்லை. ஹட்டனில் ஒரு லேத் கடையில் உட்கார்ந்து நான்கையும் லேத்திலேயே வெட்டி எடுத்தோம். சுருள் சுருளாக இரும்பு சீவி விழுந்ததைப் பார்த்துக்கொண்டே பகல் முழுதும் போயிற்று.

இவ்வளவு எழுதினாலும், வேலையில் பாதியைச் செய்வது ரப்பர்தான். ஐரோப்பியச் சரக்குக் கட்டு விதி ஈஎன் 12195-1 சொல்வது: முன்பக்கம் பாரத்தில் 0.8 பங்கும், பக்கவாட்டிலும் பின்னாலும் 0.5 பங்கும் தாங்க வேண்டும். 450 கிலோவுக்கு அது 360, 225. கேம்பருக்கு அடியில் நல்ல ரப்பர் விரிப்பு இருந்தால் உராய்வு மட்டுமே 0.6 பங்கு, அதாவது 270 கிலோ. பிரேக் அடிக்கும்போது மிச்சம் 90 கிலோவைத்தான் பிடிகள் தாங்க வேண்டியிருக்கும். முதல் தடவை நான் ரப்பர் போடவே இல்லை. ஈரமான பெயின்ட் மேல் கேம்பர் சறுக்கியதுதான் அந்தக் கண்ணைப் பிளந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குழியில் விழுந்து எழும்பும்போது பாரம் ஒரு கணம் லேசாகி உராய்வும் குறையும். அந்தக் கணத்துக்காகத்தான் பிடிகளை முன்கூட்டியே இறுக்கி வைப்பது.

அளவுக்கு மீறி இறுக்கவும் கூடாது. கையால் இறுகும் வரை திருகி, ஸ்பனரால் அரைச் சுற்று. அவ்வளவுதான். ஸ்பனரால் தட்டிப் பார்த்தால் சத்தமே சொல்லிவிடும்: சரியாக இறுகியிருந்தால் மணிபோல் ஒலிக்கும், தளர்ந்திருந்தால் மொட்டையாக. புறப்பட்டு முதல் 30 கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தித் தட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் கால் சுற்று கேட்கும், ரப்பர் அமுங்கியிருக்கும். அப்புறம் டீசல் அடிக்கிற இடமெல்லாம். நட்டையும் தட்டையும் சேர்த்து மகளின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். டர்ன்பக்கிள் தானாகத் திரும்பாமல் இருக்க நடுவுடல் வழியாகக் கட்டுக்கம்பி ஓட்டி முறுக்கிவிடுகிறேன். நைலோன் வைத்த நட்டைக் கழற்றினால் மறுபடி போடுவதில்லை, புதிதுதான்.

இடையில் 2023இல் ஸ்டெயின்லெஸ் டர்ன்பக்கிள் இரண்டு வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பளபளவென்று இருந்தன. தலவாக்கலையில் கேம்பரை இறக்க முயன்றபோது ஒன்று பாதிச் சுற்றில் சிக்கி நின்றுவிட்டது. ஸ்டெயின்லெஸ்ஸோடு ஸ்டெயின்லெஸ் உரசினால் மரை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. கிரைண்டர் வைத்து அறுத்துத்தான் எடுத்தோம். கிரீஸ் பூசாமல் போட்டது என் தவறு. ஆனாலும் உப்புக்காற்று இல்லாத எங்கள் பக்கத்துக்குக் கல்வனைஸ் இரும்பே போதும். அறுகம் குடா போய்வந்த பிறகுதான் அந்தத் துருக்கோடு வந்தது. கடற்கரைக்குப் போனால் திரும்பியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

ஓடும்போது மட்டுமில்லை, நிற்கும்போதும் பிடிகளுக்கு வேலை உண்டு என்பதை அப்புத்தளைக் காற்று காட்டியது. கூரையைத் தூக்கிய பிறகு துணி காற்றைப் பிடிக்கிறது, இரவு முழுதும் கேம்பர் மெல்ல ஆடியது. கையை வைத்தால் டர்ன்பக்கிள் அதிர்வது தெரிந்தது. இப்போதெல்லாம் காற்றுக்கு முகம் கொடுத்து நிறுத்துகிறேன், படுக்கும் முன் ஒரு தடவை தட்டிப் பார்க்கிறேன்.

செலவு: 2021இல் தட்டு, பொல்ட், லேத் வேலை, ரப்பர் எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். அண்மையில் மச்சானின் கெப்புக்கு அதே பாஸ் அதே வேலையை 41,000 ரூபாய்க்குச் செய்தார். காசு குறைவாக இருந்தால் முதலில் ரப்பரையும் தட்டையும் வாங்குங்கள், டர்ன்பக்கிளை அடுத்த மாதம் நல்லதாகப் பார்த்து வாங்கலாம். அதுவரை கேம்பரை ஏற்றாமல் இருங்கள்.

எனக்கு மிச்சமிருக்கும் ஒரே குறை, முன்பக்கத்து இரண்டு பிடிகளுக்கும் கை எட்டாதது. ஒவ்வொரு தடவையும் கேம்பருக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவில் தோள்வரை கையை விட வேண்டியிருக்கிறது. மழை நாளில் அட்டையும் சேர்ந்து ஏறும். அதனால் கேம்பரின் பக்கத்தில் இரண்டு சிறு கதவுகள் வெட்டக் கொடுத்திருக்கிறேன். பாஸ் ஆறு அங்குலம் போதும் என்றார். நான் எட்டு கேட்டேன், ஆறு அங்குலத்துக்குள் ஸ்பனரை அரைச் சுற்றுத் திருப்ப இடம் இருக்காது.