வரிப்பணமா, சொந்த நிலமா: இரண்டு விண்வெளிச் சுற்றுலாத் தளங்கள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள ஸ்பேஸ்போர்ட் அமெரிக்கா என்ற ஏவுதளம் பெரும்பாலும் மக்கள் பணத்தில் எழுந்தது; செலவு 20 கோடி டாலருக்கும் மேல். டோன்யா அனா (2007), சியரா (2008) கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) வாக்காளர்கள் விற்பனை மீது கால் சதவீத வரிக்கு ஒப்புக்கொண்டார்கள். அங்கிருந்து பயணிகளை ஏற்றிச் செல்லும் வர்ஜின் கேலக்டிக் நிறுவனத்தின் வணிகப் பயணங்களோ 2023 ஜூனில்தான் தொடங்கின. 2024 ஜூனில் அதன் விண்வெளி விமானமான யூனிட்டி ஓய்வுபெற்றதும் நின்றுபோயின. கடையில் பொருள் வாங்குபவர் வரி கட்டிக்கொண்டே இருப்பார், விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும். ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கட்டியதன் விலை அது.

டெக்சஸின் வான் ஹார்ன் அருகே ப்ளூ ஆரிஜின் நிறுவனத்தின் ராக்கெட் தளம் அதன் உரிமையாளர் ஜெஃப் பெசோஸ் வாங்கிய நிலத்தில் இருக்கிறது. தாமதமானால் இழப்பு நிறுவனத்துக்கே. ஊருக்குக் கடன் இல்லை. ஆனால் முடிவெடுப்பதில் ஊருக்குப் பங்கும் இல்லை. பயணிகள் ராக்கெட்டை ஏவியபோதெல்லாம் நெடுஞ்சாலை 54 மூடப்பட்டது. பயணம் சுமார் 11 நிமிடம்தான். பார்வையாளர் தங்கிச் செலவழிக்க அது போதாது.

வரி கட்டும் ஊராருக்கு இரண்டாவது வழியே மேல்.