ருத்தேனியமா, யூரோப்பியமா, இரிடியமா?

கையுறை ஆலையில் ரப்பர் கையுறையைக் குளோரின் நீரில் முக்கியெடுக்கும்போது கிளம்பும் வாடை, மலேசியாவின் பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத்து மாணவர்களுக்குப் புதிதல்ல. அந்த நீரிலுள்ள ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத்தான் நம் வெள்ளையணுக்களும் கிருமியைக் கொல்ல உண்டாக்குகின்றன. உயிருள்ள செல்லில் அதை ஒளிர்ந்து காட்டும் உலோகச் சேர்மங்களில் எதை வாங்குவது? உங்களிடம் உள்ள கருவிதான் முதலில் பதில் சொல்லும்.

சாதாரண ஃபுளோரசென்ஸ் நுண்ணோக்கி மட்டும் இருந்தால் ருத்தேனியம். 450 நானோமீட்டர் நீல ஒளியை வாங்கி 610-க்கு அருகே சிவப்பாக ஒளிரும். பச்சைச் சாயத்துக்கான வடிகட்டியை மாற்றாமல் விட்டால் திரை இருட்டாகவே இருக்கும். 590-க்கு மேல் விடும் வடிகட்டி வேண்டும். ஆக்சிஜனும் சூடும் இதன் ஒளியைக் குறைக்கும். ஒரு தட்டை 23 பாகைக் குளிரறையிலும் மற்றொன்றை 37 பாகையிலும் வைத்து ஒப்பிடக் கூடாது.

துல்லியமான எண் தேவை, பிளேட் ரீடரில் (குழித்தட்டின் ஒளியை அளக்கும் கருவி) தாமதித்து அளக்கும் வசதியும் உண்டு என்றால் யூரோப்பியத்துக்கு ஈடில்லை. செல்லின் சொந்த ஒளி நானோசெகண்டுகளில் அணைந்துவிடும். யூரோப்பியம் 615-இல் நூற்றுக்கணக்கான மைக்ரோசெகண்ட் ஒளிரும். 100 மைக்ரோசெகண்ட் பொறுத்து அளந்தால் பின்னணி கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஆனால் தூண்ட 330 வாக்கில் புற ஊதா வேண்டும். சாதாரண லென்ஸ் அதை விழுங்கிவிடும். பிணைப்பு வலுக்குறைந்த சேர்மமானால் பாஸ்பேட்டும், செல்லைத் தட்டிலிருந்து பிரிக்கும் டிரிப்சினோடு வந்த ஈடிடிஏ (உலோகத்தைப் பிடிக்கும் வேதிப்பொருள்) மிச்சமும் உலோகத்தைப் பிடுங்கிக்கொள்ளும். பாஸ்பேட்டுக்குப் பதில் ஹெப்பெஸ் என்னும் பிஎச் தாங்கியைப் போட்டால், அதுவே அமிலத்தோடு வினைபுரியும். ஆகவே இறுகப் பிணைந்த வகையையே தேர்ந்தெடுங்கள்.

இரிடியம் பளிச்சென்று ஒளிரும், நிறத்தையும் விருப்பப்படி மாற்றலாம். ஆனால் ஒளி பட்டதும் செல்லையே தாக்கும் சிங்லெட் ஆக்சிஜனை உண்டாக்கும்: வேலியே பயிரை மேய்ந்த கதை. ருத்தேனியத்துக்கும் ஓரளவு இந்தக் குணம் உண்டு, ஒளி படும் நேரத்தைக் குறையுங்கள். தொடக்க வேலைக்கு இரிடியத்தைப் பரிந்துரைக்க மாட்டோம்.

எந்த உலோகமானாலும் பலரைக் கவிழ்ப்பது, சேர்மத்தைக் கரைக்கப் பயன்படும் டிஎம்எஸ்ஓ என்னும் கரைப்பான்தான். இறுதிக் கரைசலில் 0.1 விழுக்காடு என்றாலே 14 மில்லிமோலார். நீங்கள் ஊற்றும் 50 மைக்ரோமோலார் அமிலத்தைவிட 280 மடங்கு. அமிலத்தை அதுவே தின்றுவிட, சேர்மம் ஒளிராது. குற்றம் சேர்மத்தின்மேல் விழும். ருத்தேனியத்தின் குளோரைடு உப்பு தண்ணீரிலேயே கரைவது இங்கே பெரிய வரம். வளர்ப்பு ஊடகத்து அமினோ அமிலங்களும் இதையே செய்யும், செல்லைப் பாஸ்பேட் உப்புநீரில் இருமுறை கழுவுங்கள்.

சோதனைக்கு ஊற்றும் அமிலம் கடைப் பிளீச்சிலிருந்து வருவதானால், அது நம் வெயிலில் வீரியம் இழக்கும். புட்டியிலுள்ள எண்ணை நம்பாதீர்கள். சோடியம் ஹைட்ராக்சைடில் பிஎச் 10-க்கு மேல் ஏற்றி, 292 நானோமீட்டரில் அளக்கவும். 1 செ.மீ. குவெட்டில் (அளவுக் குப்பி) ஒளி உட்கவர்வு 0.35 வந்தால் 1 மில்லிமோலார். ஒவ்வொரு சோதனை நாளும் புதிதாக அளக்க வேண்டும்.

வெளியிலிருந்து அமிலம் ஊற்றும் சோதனையில் அமிலத்தை உறிஞ்சிக்கொள்ளும் டாரின் சேர்த்த குழி ஒன்றும், செல் தானே உண்டாக்கும் சோதனையில் மைலோபெராக்சிடேஸ் (இந்த அமிலத்தை உண்டாக்கும் நொதி) தடுப்பி சேர்த்த குழி ஒன்றும் கட்டாயம் வையுங்கள். அவற்றிலும் ஒளி குறையவில்லை என்றால், ஒளிரச் செய்தது வேறு ஏதோ.